பழைய படமும் புதைந்த பொருளும்

பூமிக்குள் மறைந்திருக்கும் பழம்பொருளைத் தேடுகிறவர் என்றதும், விமான நிலையத்திலும் பெரிய கோயில்களின் வாசலிலும் நாம் காணும் மெட்டல் டிடெக்டரின் நீண்ட உருவம் ஒன்றைக் கையிலேந்தி வயல் வரப்பெல்லாம் நடந்து திரியும் ஒரு மனிதரே நம் மனக்கண்ணில் தோன்றுகிறார். ஆனால் இக்கலை ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ள இங்கிலாந்தில், அதில் தேர்ந்தவர்கள் கருவியைத் தொடுவதற்கு முன்பே பல இரவுகளைப் பழைய வரைபடங்களின் முன் கழிக்கிறார்கள். 1836-ஆம் ஆண்டின் சட்டப்படி, தேவாலயங்களுக்குரிய தசமபாக வரியைக் கணக்கிடுவதற்காக ஊர்தோறும் வயல் வயலாக வரையப்பட்ட படங்களையும், அவற்றுக்குப் பின்வந்த சர்வேப் படங்களையும் இன்றைய படத்தின் மேல் பொருத்திப் பார்த்து, அன்று இருந்து இன்று இல்லாமற்போன ஒற்றையடிப் பாதை, ஆற்றுத்துறை, சந்தைத் திடல், குடியிருப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே அவர்கள் நிலத்துக்குச் செல்கிறார்கள். மனிதர் கூடிய இடத்திலும், கடந்த இடத்திலும், பேரம் பேசிய இடத்திலுந்தான் காசும் மோதிரமும் கைதவறி விழுந்திருக்கும் என்பதே இதற்கு ஆதாரமான யுக்தி.

கருவி அப்படியொன்றும் சர்வ வல்லமை படைத்ததன்று. கம்பிச்சுருளில் பாயும் மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்ட, அந்த மின்னோட்டத்தின் எதிர்விளைவைக் கருவி ஒலியாக்கித் தருகிறது. சிறு காசாயின் ஓரடி ஆழத்துக்குக் கீழே அதன் செவிக்கு எட்டுவது அரிது. பல்லவர் காசுக்கும் நேற்று எறிந்த சோடா மூடிக்கும் இடையே அதற்குத் தயக்கம் நேருவதும் உண்டு. 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று காண, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் இத்தகைய கருவியொன்றைச் செய்துகொண்டு வந்து சோதித்தார், முயற்சி பலிக்கவில்லை. மெத்தைக்குள்ளிருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பியதே காரணம் என்பர். எங்கே தேடுவது என்ற அறிவு இல்லாதவனுக்குக் கருவியால் ஆகும் பயன் சொற்பமே.

அந்த அறிவைத் தரும் படங்கள் நம் நாட்டில் உண்டா என்று கேட்டால், காஞ்சிபுரம் வட்டாரத்தைப் போல் பாக்கியம் செய்த பிரதேசம் தமிழகத்திலேயே சிலதான் இருக்கும் என்று சொல்லலாம். 1763-இல் ஆர்க்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த செங்கற்பட்டுச் சீமையை, தாமஸ் பார்னார்டு என்ற எஞ்சினீயர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் ஏரி, நிலம், வீடு, குடிகள் யாவும் அந்த அளவையில் பதிவாயின. பிறகு 1780-இல் ஹைதர் அலியின் சேனை இச்சீமைக்குள் புகுந்தபோது எத்தனையோ ஊர்கள் பாழாயின, குடிகள் ஓடினர், சிலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. 1858-இல் ஏற்பட்ட சர்வே இலாகாவினர் புல எண் கொடுத்துக் கல் நட்டு மீண்டும் அளந்தது அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட பின்னர். ஆகவே முந்தைய அளவையில் குடியிருப்பாக இருந்து, பிந்தைய கிராமப் படத்தில் வெறும் மேடாகவோ புறம்போக்காகவோ காணும் இடம் எதுவோ, அதுவே ஆராய்ச்சியாளன் முதலில் கால் வைக்கவேண்டிய இடம். இரண்டு படங்களுக்கு இடையே ஒரு யுத்தம் நிற்கும் இத்தகைய சௌகரியம் சரித்திர மாணவனுக்கு எளிதில் கிட்டுவதன்று.

இதனோடு கிராமப் படங்களிலும் ஊரார் வாயிலும் வழங்கும் புலப்பெயர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேடு என்று ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த இடத்தைத் தோண்டியபோது, செங்கல்லால் ஆன சோழர் அரண்மனையின் அடித்தளம் வெளிப்பட்டதை நாம் அறிவோம். 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்து, 1995-இல் இரகசியம் நீக்கப்பட்ட கொரோனா படங்களும் இன்று இவ்வேலைக்கு உதவுகின்றன. மனைப்பிரிவுகள் ஏரிக்கரையை விழுங்குவதற்கு முந்தைய நிலத்தோற்றம் அவற்றில் அப்படியே இருக்கிறது.

படம் இல்லாத காலத்துக்குச் சாசனமே படம். காஞ்சிக்கு அருகேயுள்ள கூரம், வைஷ்ணவர்களுக்கு இராமாநுஜரின் சிஷ்யரான கூரத்தாழ்வான் அவதரித்த ஸ்தலம். சரித்திரக்காரர்களுக்கோ அது ஒரு செப்பேட்டின் ஊர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்ததும், கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் பதிப்பித்ததுமான அச்சாசனம், மெல்லிய ஏழு ஏடுகளில் சம்ஸ்கிருதத்திலும் தமிழிலும் எழுதப்பட்டது. பெருவளநல்லூரில் சளுக்கிய விக்கிரமாதித்தனை வென்ற பெருமிதத்தைச் சம்ஸ்கிருதம் பாட, நிலத்தின் விவரத்தைத் தமிழ் சொல்கிறது. வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்னும் சிவாலயமும், அதன் முன் மண்டபமும், பரமேசுவர தடாகம் என்ற ஏரியும், பாலாற்றிலிருந்து அந்த ஏரிக்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகு என்ற கால்வாயும் அதில் இடம்பெறுகின்றன. தானமளித்த ஊரை இருபத்தைந்து பங்காக்கி, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கியதையும், அவ்வூரின் செக்கும் தறியும் கணக்கில் வந்ததையும் அங்கே காண்கிறோம். பட்டுத்தறிகளால் பெயர்பெற்ற இச்சீமையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தறி சாசனத்தில் ஏறியிருக்கிறது.

கோடு கிழித்த படமன்று அச்செப்பேடு. எனினும் கோயில், ஏரி, கால்வாய் என்ற மூன்று குறிகளை ஒருவன் கையில் பிடித்துக்கொண்டால், மற்றவை எங்கே இருந்திருக்கக்கூடும் என்பதை அவன் ஓரளவு ஊகிக்கலாம். அவற்றுள் கோயில் இன்றும் நிற்கிறது. யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானைமாட அமைப்பில், கருங்கற் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டிய அச்சிதைந்த ஆலயம், தமிழகத்தில் கல்லால் கட்டப்பெற்ற கோயில்களில் மிகப் பழைமையானவற்றுள் ஒன்று. முழங்காலை மேலே தூக்கிய ஊர்த்துவஜாநு கோலத்தில் ஆடும் கூரம் நடராஜர் இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறார். நடராஜ செப்புத் திருமேனிகளின் வளர்ச்சியை எழுதும் எவரும் அவரைக் கடந்து போகமுடியாது. அவருக்கு அந்தக் கௌரவத்தைத் தந்தது உருவின் அழகு மட்டுமன்று, கூரம் என்ற முகவரியுங்கூட என்பது என் அபிப்பிராயம்.

பொருளைவிடப் பொருள் கிடந்த இடம் முக்கியமென்பதை வழக்காடி நிரூபித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1976-இல் தஞ்சை ஜில்லாவின் பத்தூரில், இடிந்த சிவன் கோயிலருகே மண் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளிக்கு நடராஜர் திருமேனி ஒன்று கிடைத்தது. அது கைமாறிக் கைமாறிக் கடல் கடந்து லண்டன் சேர்ந்தது. அங்கே நடந்த வழக்கில், திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணையும் அதன்மேல் கறையான் கட்டியிருந்த புற்றின் தடங்களையும் அவ்விடத்தில் கிடைத்த மற்ற சிலைகளோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள்; 1991-இல் நடராஜர் தாய்நாடு திரும்பினார். அழுக்கென்று யாரேனும் அதைத் தேய்த்துக் கழுவியிருந்தால் அந்தச் சாட்சி வாய் திறந்திருக்குமா?

மெட்டல் டிடெக்டருக்கு உரிய நியாயமான வேலை யாதென்றால், போர்க்களத்தைச் சொல்வேன். காஞ்சிக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் அவர் மகன் திப்புவும் சூழ்ந்து அழித்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்த அக்காட்சியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவரில் சித்திரமாகத் தீட்டுவித்தான். ஆங்கிலேயரும் தங்கள் பங்குக்குப் போர்த்தளத்தின் படங்களை வரைந்தனர். 1876-இல் போர் நடந்த அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்னில், புல்வெளி தீயில் எரிந்த மறு ஆண்டான 1984-இல், ஆராய்ச்சியாளர் வரிசையாக நடந்து, கருவி ஒலித்த ஒவ்வோரிடத்திலும் கொடி நட்டு, குண்டும் தோட்டா உறையும் கிடந்த இடத்தையெல்லாம் படத்தில் ஏற்றி, எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதையே மீட்டெடுத்தார்கள். புள்ளலூர் வயல்களுக்கு அத்தகைய முறையான ஆய்வு பெரிதும் தகும். ஆனால் தனிமனிதர் ஒருவர் பத்து ஈயக்குண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவாராயின், படத்திலிருந்து பத்துப் புள்ளிகளை அழித்தவராகிறார்.

சட்டமும் இவ்விஷயத்தில் கண்டிப்பானது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமதியுள்ள எதுவும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். மறைத்தவருக்குத் தண்டனை உண்டு. நூறாண்டு கடந்த சிலையையும் காசையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. இவற்றையெல்லாம் மறந்து, கருவி வாங்கிய உற்சாகத்தில் கோயில் மேட்டைக் கிளறப் புறப்படுவது ஆராய்ச்சியாகாது, களவுதான்.

படம் பார்ப்பதற்கோ இத்தகைய தடை ஏதும் இல்லை. எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கேட்டு உங்கள் ஊரின் பழைய படத்தைப் பாருங்கள்; இன்றைய படத்தோடு ஒப்பிட்டு, மறைந்துபோன குளத்தையும் பாதையையும் குறித்து வையுங்கள். உழும்போதோ கடைகால் தோண்டும்போதோ ஏதேனும் தட்டுப்பட்டால், துலக்காமல், கழுவாமல், அந்த இடத்துக்கு இரண்டு சர்வே கற்களிலிருந்து எத்தனை தூரம் என்று அளந்து எழுதிக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிக் கலெக்டருக்கும் எழுதிவிடுங்கள். சர்க்கார் அதை எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தால், அதிலுள்ள உலோகத்தின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டுமென்று அந்த 1878-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருக்கிறது.