நெல்லின் உயரம்

சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூர், பால்வண்ணநாதர் கோயிலாற் பெயர் பெற்ற ஊர். அங்கே பிசான நெல் கதிர் முற்றும் காலத்தில் வரப்பில் நின்று நோக்கினால், பயிர் நம் இடுப்பளவே நிற்கக் காண்போம். முன்னாளில் அப்படியன்று. பழைய நெல் வகைகள் பல, மார்பளவுக்கும் மேலாக வளர்ந்தன. மாட்டுக்கு வைக்கோல் மிகுதியாகக் கிடைத்தது உண்மையே. ஆயினும் உரமிட்டால் தாள் மேலும் நீண்டு, கதிரின் பாரந் தாங்காது, ஒரு மழைக்கே சாய்ந்துவிடும். சேற்றிற் கிடந்த கதிர் முளைத்தோ அழுகியோ வீணாகும்.

தாளை நீளச் செய்வது யாது? இதற்கு விடை ஒரு நோயிலிருந்து கிடைத்தது. நாற்று அளவுமீறி நெடிது வளர்ந்து, வெளிறி, மணி பிடியாமல் மடியும் நோயை ஜப்பானிய உழவர் 'மூட நாற்று' என்றனர். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே அதற்குக் காரணம் என்பதைக் குரோசாவா என்னும் அறிஞர் 1926இல் காட்டினார். அப்பொருளுக்குக் 'கிபரெலின்' என்று பெயரிட்டனர். வியப்பு என்னவெனில், நோயற்ற பயிரும் இதே பொருளைத் தன்னுள் சிறிதளவு ஆக்கிக்கொள்கிறது. அதுவே பயிரின் வளர்ச்சி ஹார்மோன்.

கிபரெலின் தானே தாளை இழுத்து நீட்டுவதில்லை. அது ஒரு தூதுவன் மட்டுமே. உயிரணுவினுள் 'டெல்லா' என்னும் புரதம் வளர்ச்சியைத் தடுத்து நிற்கிறது. தூதுவனை ஏற்கும் புரதம் வேறொன்று உண்டு. நெல்லில் அதனை 2005இல் கண்டறிந்தனர். கிபரெலின் வந்து அதனோடு சேர்ந்ததும், இரண்டும் கூடி டெல்லாவைப் பற்றிக்கொள்கின்றன. பற்றப்பட்ட டெல்லாவை உயிரணுவே சிதைத்துவிடுகிறது. தடை நீங்கவே, தாள் நீளுகிறது. தூதுவனை ஆக்கும் பொருள், ஏற்கும் புரதம், தடுக்கும் புரதம் ஆகிய ஒவ்வொன்றையும் அமைக்கும் கட்டளை ஒரு மரபணுவில் உள்ளது. அக்கட்டளைகளுள் ஒன்று பழுதுபட்டாலும் பயிரின் உயரம் மாறும்.

அத்தகைய பழுது ஒன்று தைவான் நாட்டுக் குட்டை நெல் ஒன்றில் இயற்கையாகவே அமைந்திருந்தது. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதனை இந்தோனேசியாவின் 'பீட்டா' என்னும் நெட்டை நெல்லோடு இணைத்து, 1966இல் ஐ.ஆர். 8 என்னும் வகையை வெளியிட்டனர். உரமிட்டும் அது சாயாது நின்றது. அந்நாளில் ஏன் என்று எவரும் அறியார். 2002இல்தான் காரணம் விளங்கிற்று: கிபரெலினை ஆக்கும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு இல்லை. அதனால் தாளில் ஹார்மோன் குறைந்தது. பூவிலோ அதே வேலையைச் செய்யும் வேறொரு மரபணு உண்டு. ஆகவே தாள் குறுகியும் மணி குறையவில்லை. இது உழவரின் நற்பேறு என்றே சொல்லலாம்.

குட்டைக் கோதுமையின் கதை வேறு. அதில் ஹார்மோனுக்குக் குறைவில்லை. டெல்லாவே உருமாறியிருப்பதால், தூதுவன் வந்தும் தடை விலகுவதில்லை.

இன்று ஐ.ஆர். 8 வயல்களில் அருகிவிட்டது. குட்டை நெல்லோ எங்கும் உள்ளது. அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 குட்டை வகையே. ஆயினும் குட்டைப் பயிருக்குத் தழைச்சத்து உரம் மிகுதியாக வேண்டும். மிகுந்து நிற்கும் டெல்லா, வேர் தழைச்சத்தை உறிஞ்சுவதையும் தடுக்கிறது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. உயரத்தைக் கூட்டாமலே அத்தடையை மட்டும் தளர்த்த வல்ல மற்றொரு மரபணுவையும் அவ்வாய்வாளர் கண்டனர்.