கச்சா எண்ணெய் விலை சரிந்தாலும் பங்க்கில் ஏன் குறைவதில்லை? சோலார், இ-ஸ்கூட்டர் யாருக்கு லாபம்? ஒரு தேனி கணக்கு

உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை குறைகிறது என்று செய்தி வந்தாலே நமக்கு வரும் முதல் கேள்வி, "அப்போ பெட்ரோல் விலை குறையுமா?" என்பதுதான். பெட்ரோல் மலிவானால் சோலார், இ-ஸ்கூட்டருக்கு யாரும் மாற மாட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. தேனி மாவட்டத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

விலை குறைந்தபோது என்ன நடந்தது?

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. ஆனால் அடுத்த மாதமே தமிழக அரசு பெட்ரோல் மீதான வாட் வரியை லிட்டருக்கு சுமார் 3.25 ரூபாயும், டீசலுக்கு 2.50 ரூபாயும் உயர்த்தியது. அடுத்த சில நாட்களில் மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் கூட்டியது. 2022-ல் கச்சா எண்ணெய் எகிறியபோது, மே மாதம் கலால் வரி பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 6 ரூபாய் குறைக்கப்பட்டது.

சிம்பிளாகச் சொன்னால், அங்கே விலை இறங்கினால் இங்கே வரி ஏறும். மலிவு எண்ணெயின் பலன் பெரும்பாலும் நம்ம கைக்கு வருவதில்லை.

ஒருவேளை குறைந்தால், ஸ்கூட்டர் கணக்கு மாறுமா?

சின்னமனூரில் இருந்து தேனிக்கு வேலைக்கு வருபவர் போக வர, கடைக்கு என மாதம் 900 கி.மீ. ஓட்டுகிறார் என்று வைப்போம். லிட்டருக்கு 45 கி.மீ. மைலேஜ் என்றால் 20 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் செலவு 2,000 ரூபாய். 80 ரூபாய்க்கு இறங்கினாலும் 1,600 ரூபாய்.

இ-ஸ்கூட்டர் 100 கி.மீ. ஓட 3 முதல் 4 யூனிட் கரண்ட் போதும். யூனிட் 8 ரூபாய் என்றே போட்டாலும் மாதம் 300 ரூபாயைத் தாண்டாது. ஆக, பெட்ரோல் விலை இங்கே தடை இல்லை. வண்டி வாங்கும் விலையும், பேட்டரி மாற்றும் செலவும்தான் தடை.

சோலார் எல்லா வீட்டுக்கும் லாபமா?

இல்லை. இங்கேதான் 'மலிவு' குறுக்கே வருகிறது. தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி 200 யூனிட் ஓடினால் பில் 225 ரூபாய். 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். யூனிட் இரண்டரை மடங்கு, பில் ஏழரை மடங்குக்கும் மேல்! அதன்பின் கட்டணம் மாறியிருந்தாலும் அடிப்படை இதுதான்.

மாடியில் 1 கிலோவாட் சோலார் வைத்தால் நாளுக்கு சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் கிடைக்கும். 500 யூனிட் வீட்டுக்கு 1,200 ரூபாய்க்கு மேல் மிச்சம். 200 யூனிட் வீட்டுக்கு அதிகபட்ச மிச்சமே 225 ரூபாய்தான். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் வந்தாலும், போட்ட காசை எடுக்க அந்த வீட்டுக்குப் பல வருஷம் ஆகும்.

நம்ம ஊர் காற்றாலை கரண்ட் நமக்கு சும்மா கிடைக்காதா?

தமிழகத்தில் காற்று நன்றாக வீசும் நான்கு கணவாய்களில் கம்பம் கணவாயும் ஒன்று. ஆண்டிபட்டி பக்கம் போனால் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவதைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கரண்ட் மாநில மின்தொகுப்புக்குப் போய்விடும். ஆண்டிபட்டிக்கும் அரியலூருக்கும் ஒரே கட்டணம்தான்.

அப்போ யாருக்குப் பலன் இல்லை?

கம்பம், போடி பகுதிகளில் இருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களுக்கு. கச்சா எண்ணெய் இறங்கினாலும் அவர்கள் போகும் ஜீப்புக்கு டீசல் விலை இறங்காது. வாடகை வீடு என்றால் சோலார் வைக்கச் சொந்த மாடியும் இல்லை. மானியம் வீட்டுக்காரருக்கும், புது வண்டி வாங்க முடிந்தவருக்கும்தான் போகிறது. மலையேறும் பொது வாகனங்கள் மின்சாரத்துக்கு மாறினால்தான் இவர்களுக்கும் இந்த மாற்றத்தில் பங்கு கிடைக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கடைசி ஆறு இ.பி. பில்லை எடுத்து யூனிட்டைப் பாருங்கள். 400-ஐத் தாண்டினால் சோலார் பற்றி யோசிக்கலாம்.
* இ-ஸ்கூட்டர் வாங்கினால் இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் வரை கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் சலுகைக் கட்டணம் போய்விடும், கவனம்.
* சோலாருக்கு நெட்வொர்க் கட்டணம் உண்டா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.