கைப்பேசித் திரை அணைவதும் பூட்டிக்கொள்வதும் ஒன்றா? பேட்டரியைச் சேமிப்பது எது?

புதுதில்லி: பயன்பாட்டில் இல்லாத கைப்பேசியின் திரை சில நொடிகளில் அணைந்து பூட்டிக்கொள்வது பலருக்கு இடையூறாகத் தோன்றுகிறது. இதனால் திரை அணையும் நேரத்தைப் பல நிமிடங்களுக்கு நீட்டிப்போரும், பூட்டையே நீக்கிவிடுவோரும் உள்ளனர். இவ்விரண்டின் விளைவுகளும் வெவ்வேறானவை.

திரையே பெருஞ்செலவு

கைப்பேசியில் மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடும் பாகங்களுள் திரை முதன்மையானது. எல்சிடி திரையில் கறுப்பு நிறம் தெரியும்போதும் பின்னொளி எரிந்துகொண்டே இருக்கும். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்வதால், கறுப்புப் பகுதி ஒளிர்வதில்லை. எனவே ‘டார்க் மோட்’ வசதியின் பயன் பெரும்பாலும் ஓஎல்இடி திரைகளுக்கே உரியது. திரையை விரைவில் அணைப்பது இருவகைத் திரைகளுக்கும் பயன் தரும்.

எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 60 முறை கைப்பேசியைப் பார்த்துவிட்டு, அணைக்காமல் வைத்துவிடும் ஒருவரது திரை, 30 நொடி அமைப்பில் மொத்தம் அரை மணி நேரம் வீணாக ஒளிரும். அதுவே 2 நிமிட அமைப்பாயின், 2 மணி நேரம் ஒளிரும்.

திரை அணைந்தபின் வேறொரு சேமிப்பும் தொடங்குகிறது. 2015-இல் வெளியான ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பில் ‘டோஸ்’ என்னும் வசதி அறிமுகமானது. சார்ஜரில் இணைக்கப்படாத கைப்பேசி, திரை அணைந்த நிலையில் அசைவின்றிச் சிறிது நேரம் இருந்தால், செயலிகளின் பின்னணி இயக்கத்தை இது கட்டுப்படுத்துகிறது. ஐபோனில் குறைந்த மின்பயன்பாட்டு நிலையை இயக்கினால், தானியங்கிப் பூட்டு 30 நொடிகளாகக் குறைந்துவிடும்.

பூட்டின் பணி வேறு

மின்சாரத்தைச் சேமிப்பது திரை அணைவதே. பூட்டு காப்பது தகவல்களை. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இவற்றுக்குத் தனித்தனி அமைப்புகள் உள்ளன. திரை அணைந்தாலும், பூட்டு சற்றுத் தாமதமாக விழும்படி வைத்திருந்தால், அந்த இடைவெளியில் எவரும் கைப்பேசியைத் திறக்க இயலும். விரல்ரேகை சரிபார்ப்புக்கு ஆகும் மின்செலவு மிகச் சொற்பமே என்பதால், பூட்டை நீக்குவதால் பேட்டரிக்குக் குறிப்பிடத்தக்க ஆதாயம் இல்லை.

யுபிஐ பணப்பரிமாற்றத்துக்குத் தனி ரகசிய எண் தேவை என்பதால் கைப்பேசிக்குப் பூட்டு வேண்டாம் எனக் கருதுவதும் பிழையே. பூட்டில்லாத கைப்பேசி பிறர் கைக்குச் சென்றால், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணை அவர்கள் எளிதில் படித்துவிடலாம். மேலும் ‘யுபிஐ லைட்’ வழியான சிறு தொகைகளுக்கு ரகசிய எண் கேட்கப்படுவதில்லை.

செய்யக்கூடியவை

திரை அணையும் நேரத்தை 30 நொடிகளாகவும், பூட்டு உடனடியாக விழும்படியும் அமைத்துக்கொள்வது பெரும்பாலானோருக்கு ஏற்றது. வழிகாட்டி வரைபடம், காணொலி ஆகியவற்றுக்கான செயலிகள் பொதுவாகத் திரையைத் தாமே ஒளிரச் செய்து வைத்திருப்பதால், அவற்றுக்காக நேரத்தை நீட்டிக்கத் தேவையில்லை. பூட்டிய திரையில் குறுஞ்செய்திகளின் உள்ளடக்கம் தெரியாதவாறு மறைத்து வைப்பதும் அவசியம்.

கைப்பேசி தொலைந்தால், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளம் வாயிலாக அதனை முடக்கக் கோரலாம். பண மோசடி நேர்ந்திருப்பின், 1930 என்ற உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.