கத்தரிக்கோலும் கணக்குப் புத்தகமும்

திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வரும் நாம் நடிகர்களைப் புகழ்கிறோம், பாடல்களை முணுமுணுக்கிறோம், இயக்குநரின் திறமையை வியக்கிறோம். ஆனால் ஆயிரக்கணக்கான துண்டுக் காட்சிகளை வெட்டி, கோத்து, அவற்றைக் கதையாக்கிய படத்தொகுப்பாளரை நினைப்பவர் எத்தனை பேர்? கூடை நிறைய மலர் இருந்தாலும் தொடுப்பவர் இல்லாவிடில் மாலை ஏது? அப்படித் தொடுப்பவரின் கையிலுள்ள கருவி யாருடைய விருப்பப்படி வளர்கிறது, யாருடைய விருப்பப்படி மறைகிறது என்பதைத் தோழியருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிலிமிலிருந்து கணினிக்கு

முற்காலத்தில் படத்தொகுப்பாளர் பிலிம் சுருளைக் கையால் வெட்டி ஒட்டினார். மூவியோலா, ஸ்டீன்பெக் போன்ற இயந்திரங்களில் அதை ஓட்டிப் பார்த்தார். ஒரு காட்சியை இடம் மாற்ற வேண்டுமானால் ஒட்டியதைப் பிரித்து மறுபடியும் ஒட்ட வேண்டும். 1989ஆம் ஆண்டில் ஏவிட் என்னும் அமெரிக்க நிறுவனம் இவ்வேலைக்கென ஒரு கணினி அமைப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

கணினியில் எதுவும் உண்மையில் வெட்டப்படுவதில்லை. "முதல் காட்சியில் 12ஆம் நொடி முதல் 17ஆம் நொடி வரை, பிறகு ஐந்தாம் காட்சியில் 3ஆம் நொடி முதல் 9ஆம் நொடி வரை" என்று கணினி ஒரு பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு, அதன்படி படத்தை ஓட்டிக் காட்டுகிறது. பட்டியலை எத்தனை முறை மாற்றினாலும் மூலப்படம் பழுதாவதில்லை. தொகுப்பாளர் பல மாதங்கள் உழைத்த உழைப்பு முழுவதும் அந்தப் பட்டியலில்தான் அடங்கியிருக்கிறது. ஒலி சேர்ப்பவரும், நிறம் திருத்துபவரும் அதைப் பெற்றுக்கொண்ட பிறகே தங்கள் வேலையைத் தொடங்க முடியும்.

எளியோருக்குக் கிடைத்த கருவி

ஏவிட் அமைப்பின் விலையோ பல்லாயிரம் டாலர். பெரிய நிறுவனங்களுக்கே அது எட்டியது. அடோபி பிரீமியர் மென்பொருளின் தொடக்கப் பதிப்புகளை உருவாக்கிய ராண்டி உபில்லோஸ் என்பவர், பின்னர் மேக்ரோமீடியா நிறுவனத்தில் ஒரு புதிய தொகுப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 1998இல் ஆப்பிள் நிறுவனம் அதை விலைக்கு வாங்கி, 1999 ஏப்ரலில் 'ஃபைனல் கட் ப்ரோ' என்னும் பெயரில் 999 டாலருக்கு வெளியிட்டது. ஆப்பிளுக்கு இதில் என்ன இலாபம்? இம்மென்பொருள் ஆப்பிள் கணினியில் மட்டுமே ஓடும். மென்பொருளை வாங்குபவர் கணினியையும் வாங்கியாக வேண்டும் அல்லவா?

சிறு நிறுவனங்களும், திரைப்படக் கல்லூரி மாணவர்களும் மகிழ்ச்சியோடு வரவேற்றனர். புகழ் பெற்ற தொகுப்பாளர் வால்டர் மர்ச் 2003இல் வெளிவந்த 'கோல்ட் மவுண்டன்' படத்தை இதில் தொகுத்து ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். இதில் தொகுக்கப்பட்ட 'தி சோஷியல் நெட்வொர்க்' 2011இல் படத்தொகுப்புக்கான ஆஸ்கார் விருதையே வென்றது.

முன்னுரிமை மாறிய கதை

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகம் செய்த நாளிலேயே 'ஆப்பிள் கம்ப்யூட்டர்' என்ற தன் பெயரிலிருந்து 'கம்ப்யூட்டர்' என்னும் சொல்லை அந்நிறுவனம் நீக்கிவிட்டது. 2011ஆம் நிதியாண்டில் அது விற்ற ஐபோன்கள் 7 கோடியே 20 இலட்சத்திற்கும் மேல். ஃபைனல் கட் ப்ரோவைப் பயன்படுத்துவோரோ சுமார் 20 இலட்சம் பேர். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் எந்தப் பக்கம் பெரிதாகத் தெரியும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

2011 ஜூன் 21 அன்று முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட 'ஃபைனல் கட் ப்ரோ டென்' வெளிவந்தது. விலை 299 டாலர் 99 சென்ட். விலை குறைந்தது நன்மைதானே என்று தோன்றும். ஆனால் அதில் பழைய பதிப்பில் செய்த வேலையைத் திறக்க இயலவில்லை. மேலே சொன்ன பட்டியலை ஒலிக் கலைஞருக்கு அனுப்ப வழியில்லை. பல கேமராக்களில் ஒரே நேரத்தில் எடுத்த காட்சிகளை ஒன்றாகப் பார்த்துத் தொகுக்கும் வசதியும் இல்லை. இவற்றிற்கெல்லாம் மேலாக, அதே நாளில் பழைய பதிப்பின் விற்பனையும் நிறுத்தப்பட்டது!

தொகுப்பாளர்கள் கொதித்தெழுந்தனர். வீட்டில் குடும்பப் படங்களைத் தொகுக்க உதவும் ஐமூவி மென்பொருளோடு ஒப்பிட்டு 'ஐமூவி ப்ரோ' என்று ஏளனம் செய்தனர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோனன் ஓ'பிரையன் நிகழ்ச்சியின் தொகுப்பாளர்கள் இதைக் கேலி செய்து ஒரு காட்சியே தயாரித்தனர். ஏமாற்றமடைந்த பலருக்கு ஆப்பிள் பணத்தைத் திருப்பித் தந்தது. போட்டி நிறுவனமான அடோபி, மாறி வருவோருக்குப் பாதி விலையில் தன் மென்பொருளைத் தர முன்வந்தது.

மறுபக்கமும் உண்டு

வழக்கில் இரு தரப்பையும் கேட்பதே நீதி. பழைய மென்பொருள் 32 பிட் முறையில் எழுதப்பட்டது. கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 4 ஜிகாபைட்டுக்கு மேல் அதனால் பயன்படுத்த இயலாது. அடித்தளத்தையே மாற்றிப் புதிதாக எழுத வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தது. விடுபட்ட வசதிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பட்டியலை வெளியே அனுப்பும் வழி 2011 செப்டம்பரிலும், பல கேமரா வசதி 2012 ஜனவரியிலும் சேர்க்கப்பட்டன. இன்று அம்மென்பொருளை விரும்பிப் பயன்படுத்துவோர் பலர்.

அப்படியானால் தவறு எங்கே? புதிய வீடு கட்டியதில் தவறில்லை. கூரை வேய்ந்து முடிக்கும் முன்பே பழைய வீட்டின் கதவைப் பூட்டியதுதான் தவறு. வீட்டுப் படம் எடுப்பவர் ஓராண்டு காத்திருக்கலாம். நாளை மாலை ஒளிபரப்பாக வேண்டிய நிகழ்ச்சியைக் கையில் வைத்திருப்பவர் எப்படிக் காத்திருப்பார்? இவ்விருவரையும் ஒரே தராசில் வைத்து, எண்ணிக்கையை மட்டும் நிறுத்துப் பார்த்தால் தொழிற்கலைஞரின் தட்டு எப்போதும் மேலேதான் நிற்கும்.

ஆப்பிளை மட்டும் குறை கூறுவது முறையாகாது. அடோபி நிறுவனம் 2013இல், தன் புதிய பதிப்புகளை மொத்தமாக விலைக்கு வாங்கும் வழியை மூடி, சந்தா முறைக்கு மாறியது. பிளாக்மேஜிக் நிறுவனம் 'டாவின்சி ரிசால்வ்' மென்பொருளின் ஒரு பதிப்பை இலவசமாகவே தருகிறது. அதன் கேமராக்களும் கருவிகளும் விற்பனையாக அது துணை செய்கிறது. ஒவ்வொரு கத்தரிக்கோலுக்குப் பின்னாலும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கத்தான் செய்கிறது.

நாம் கற்க வேண்டியது

ஆஸ்கார் மேடையில் 2020இல் சிறந்த படமாகத் தேர்வு பெற்ற கொரியப் படம் 'பாரசைட்'. படத்தொகுப்புக்கும் அது பரிந்துரை பெற்றது. அதைத் தொகுத்த யாங் ஜின் மோ பயன்படுத்தியது எது தெரியுமா? 2011இல் விற்பனை நிறுத்தப்பட்ட அதே பழைய ஃபைனல் கட் ப்ரோ 7! கைத்திறன் கருவியைவிட நீண்ட ஆயுள் உடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எனினும் 2017இல் வந்த மேக் இயங்குதளத்தில் அப்பழைய மென்பொருள் ஓடாது என்பதையும் மறத்தல் ஆகாது. பழைய கணினிகளைப் பேணிக் காத்தவர்க்கே அது பயன்பட்டது.

தோழியரே! நம்மில் பலர் நாளை கணினியில் எழுதுவோம், வரைவோம், கணக்குப் பார்ப்போம். ஒரு மென்பொருளில் உழைப்பைக் கொட்டும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்போம். இதில் செய்த வேலையை வேறொன்றிற்கு எடுத்துச் செல்ல முடியுமா? இதைச் செய்தவர் நாளை கைவிட்டால் என் செய்வேன்? 2022இல் நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்பட, தொலைக்காட்சிக் கலைஞர்கள் ஆப்பிளின் தலைவர் டிம் குக்கிற்கு வெளிப்படையாக மடல் எழுதி, தொழிற்கலைஞர்களின் தேவைகளைக் கவனிக்குமாறு வேண்டினர். வாங்குவோர் சிலரேயாயினும் ஒன்றுகூடிக் கேட்டால் குரல் எட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. கருவியை விற்பவர்க்கு அது பல பொருள்களுள் ஒன்று. அதைக் கொண்டு பிழைப்பவர்க்கோ அதுவே அன்றாட உணவு. இதை இரு சாராரும் உணர்ந்து நடந்தால் தொழிலும் வளரும், கலையும் வாழும்.