வழிவழி வரும் நஞ்சு

புறநானூற்றிலே நெட்டிமையார் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய செய்யுளொன்றை அண்மையில் மாணவர்க்குப் பாடஞ் சொன்னேன். போர் தொடங்குமுன் ஆவும், பார்ப்பனரும், பெண்டிரும், பிணியாளரும், புதல்வரைப் பெறாதோரும் காவலிடஞ் சேர்க என அறிவிக்கும் அறநெறியை அச்செய்யுள் கூறும். "இக்காலப் போரிலே பிறவாத பிள்ளைக்குக் காவலுண்டோ, ஐயா?" என்றான் ஒரு மாணவன். வியட்நாம் வரலாற்றையே விடையாகக் கூறினேன்.

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் அந்நாட்டுக் காடுகளிலும் வயல்களிலும் 7 கோடி லீற்றருக்கு மேற்பட்ட களைகொல்லிகளைச் சொரிந்தன. பீப்பாய்களிலிட்ட செம்மஞ்சட் பட்டையால் அவற்றுளொன்று 'ஏஜன்ற் ஒறேஞ்ச்' எனப் பெயர் பெற்றது. அதிற் கலந்திருந்த டயொக்சின் என்னும் நஞ்சு, மண்ணிலும் மனிதர் உடற்கொழுப்பிலும் பல்லாண்டு தங்குவது.

வியட்நாமிற் பணிபுரிந்த அமெரிக்க வீரரின் பிள்ளைகளுள் முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறந்தோர்க்கு உதவ 1996இல் அந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. பெண் வீரரின் பிள்ளைகளுக்கு வேறு பல பிறவிக்குறைகளும் 2000ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டன. தந்தை மட்டும் வீரராயிருந்த பிள்ளைகளுக்கு அவை ஏற்கப்படவில்லை. நஞ்சு தீண்டிய வீரரின் வழித்தோன்றல்களை ஆராயும் நெறியை மதிப்பிடுமாறு 2016ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. ஆராய்ச்சியோ எளிதன்று. எவரை எவ்வளவு நஞ்சு தீண்டியது என்பது பெரும்பாலோர்க்கு அளக்கப்படவில்லை. பிறவிக்குறைகள் நஞ்சு தீண்டாக் குடும்பங்களிலும் நேர்வன.

வியட்நாமியக் குழந்தைகளோ அச்சட்டங்களின் எல்லைக்கே புறம்பானோர்.

ஐயமற அறிதல் ஆராய்ச்சியாளர் கடன். ஆயின், சான்று நிரம்புமட்டும் உதவியை நிறுத்தி வைத்தல் அறமாகாது என்பதே என் துணிபு. அப்பிள்ளைகள் எப்போரையும் தொடுத்தவரல்லர்.