கொழும்பு: குடித்தொகைப் பெருக்கமும் நிலைபேறான நகரத் திட்டமிடலும்

நகராக்கம் பற்றிய வினாக்களில் கொழும்பு அடிக்கடி இடம்பெறும். “கொழும்பில் பிறப்பு வீதம் அதிகம், ஆகவே குடித்தொகை பெருகுகின்றது” என்று தொடங்கும் விடைகளும் அடிக்கடி வரும். மாணவர்களே, அந்த வசனத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கொழும்பு மாநகரசபை எல்லையின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இவ்வெல்லைக்குள் 6 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2012 இல் அத்தொகை 6 இலட்சத்துக்குக் கீழே இறங்கியது. அப்படியாயின் நெரிசல் எங்கிருந்து வருகின்றது? காணி விலை ஏற, மக்கள் மகரகமை, கடுவலை, ஹோமாகமை என வெளியே சென்று குடியேறினர். வடக்கே வத்தளை, களனி, ஜா-எல பக்கமும் அவ்வாறே. 2012 இல் இலங்கையின் அதிக குடித்தொகை கொண்ட மாவட்டம் கொழும்பு. 2024 மதிப்பீட்டில் அந்த இடத்தைக் கம்பஹா பிடித்துக்கொண்டது. ஆனால் தொழிலும் பெரிய வைத்தியசாலைகளும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. எனவே பகற் குடித்தொகை வேறு, இராக் குடித்தொகை வேறு. வீதி, நீர், மலசலகூடம், குப்பை அகற்றல் யாவும் பகலில் வந்து போகும் பல இலட்சம் பேருக்கும் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும்.

அடுத்து நிலத்தைக் கவனியுங்கள். கொழும்பு தாழ்ந்த கரையோரச் சமவெளியில் அமைந்தது. வடக்கே களனி கங்கை ஓடுகின்றது. மேடுகளுக்கிடையே சதுப்பு நிலங்கள் உள்ளன. பெய்யும் மழையை இவை தேக்கி வைத்து மெதுவாக வெளியே விடும். காசு செலவில்லாத வெள்ளத் தடுப்பு என்று இவற்றைச் சொல்லலாம். ஆனால் ஒரு காலத்தில் இவை வீண் நிலம் என்றே கருதப்பட்டன. 1968 இல் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்யவென்று சட்டம் இயற்றிச் சபையே அமைத்தார்கள். நிரப்பிய நிலத்தில் வீடு எழுந்தது. மழைநீருக்குத் தங்க இடமில்லாமற் போயிற்று.

கொழும்பின் வெள்ளம் இரு வகைப்படும். நகரின் மீதே பெய்யும் மழை வடிய முடியாமல் தேங்குவது ஒன்று. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகம் நீரில் மூழ்கியது இவ்வாறே. கித்துல்கல, நோர்வூட் போன்ற மேற்பகுதிகளிற் பெய்யும் மழையால் களனி கங்கை பெருக்கெடுப்பது மற்றையது. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பரில் டித்வா புயலின் போதும் கொலன்னாவைப் பகுதியினர் இதனை அனுபவித்தனர். கங்கை உயர்ந்து நிற்கும்போது நகர நீரும் அதற்குள் வடிய முடியாது. அந்நேரம் முகத்துவாரம், வெள்ளவத்தை, தெஹிவளை வழியாகக் கடலில் விழும் கால்வாய்களையே நம்பியிருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை விடையிற் காட்டுபவர் மிகச் சிலர்.

2010 வெள்ளத்தின் பின் அணுகுமுறை மாறியது. கால்வாய்கள் திருத்தப்பட்டன. பெத்தகான, தியசரு போன்ற ஈரநிலப் பூங்காக்கள் உருவாகின. தாழ்நிலத்தை நிரப்ப உருவான நிறுவனமே பின்னர் அதைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றது. 2018 இல் உலகில் முதன்முதலாக ‘ராம்சார் ஈரநில நகரம்’ என அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. இருந்தும் ஈரநிலங்களை நிரப்புவது அடியோடு நின்றுவிட்டது என எழுதிவிடாதீர்கள்.

குப்பைக்கும் தாழ்நிலமே இரையாயிற்று. மாநகரக் குப்பை மலையாகக் குவிந்த மீதொட்டமுல்லையில், 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று அம்மேடு சரிந்து 30 இற்கு மேற்பட்டோர் இறந்தனர். அடிவாரத்தில் வீடு கட்டியிருந்தவர்கள் வேறு இடத்தில் காணி வாங்க வசதியற்றவர்கள். 2021 இல் கெரவலப்பிட்டியில் குப்பையிலிருந்து மின் உற்பத்தி செய்யும் நிலையம் இயங்கத் தொடங்கியது. எனினும் வீட்டிலேயே தரம்பிரிக்காத ஈரக் குப்பை நன்றாக எரியாது.

வீடமைப்பிலும் இதே கவனம் வேண்டும். கால்வாய்க் கரைக் குடிசைகளில் வாழ்ந்தோரை அடுக்குமாடிகளுக்கு மாற்றினால் நீர் ஓட வழி கிடைக்கும், குடும்பங்களுக்கு உறுதியான கூரையும் கிடைக்கும். ஆனால் வீட்டு வாசலில் அப்பம் சுட்டு விற்ற பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் வாடிக்கையாளர் வருவாரா? சூழல், பொருளாதாரம், சமூகம் ஆகிய மூன்றையும் பார்ப்பதே நிலைபேறான அபிவிருத்தி. பலர் சூழலை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள்.

“கரையோர நகரொன்றின் குடித்தொகைப் பெருக்கத்தால் ஏற்படும் பிரச்சினை ஒன்றையும் அதற்கான தீர்வையும் விளக்குக” எனக் கேட்டால், ‘மரம் நடல்’ என்று பொதுவாக எழுத வேண்டாம். இடத்தின் பெயர், ஆண்டு, காரணம், எடுத்த நடவடிக்கை, அதன் குறை ஆகியவற்றை எழுதுங்கள். பருமட்டான படமொன்றில் களனி கங்கை, கொலன்னாவை, தியவன்னா ஓயா, கடலுக்குள் திறக்கும் மூன்று கால்வாய் வாய்கள் ஆகியவற்றை இப்போதே குறித்துப் பழகுங்கள்.