‘வரை’ என்னும் ஒரு சொல்

இடைச்சொல் தனித்து நின்று பொருள் தருவதன்று. பெயரையும் வினையையும் சார்ந்தே அது இயங்கும் என மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். அத்தகைய சிறு சொல்லொன்று ஐரோப்பாவின் இரு பெரும் நீதிமன்றங்களிடையே எழுந்த பிணக்கிற்கே பெயராய் அமைந்ததை எண்ணுந்தோறும் யான் வியப்புறுவதுண்டு. ‘சோலாங்கே’ என்னும் ஜேர்மானியச் சொல்லே அது. தமிழில் அதனை ‘வரை’ எனலாம்.

வழக்கின் தோற்றுவாய் மிக எளியது. ஜேர்மனியின் வணிக நிறுவனமொன்று சோளமா ஏற்றுமதிக்கு அனுமதி பெற்றுப் பிணைப்பணமும் கட்டியது. குறித்த காலத்துள் முழு அளவையும் அனுப்பாமையால், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் விதிப்படி அப்பணத்தில் ஒரு பகுதி பறிமுதலாயிற்று. அவ்விதி தன் நாட்டு அரசியல் யாப்பு வழங்கும் அடிப்படை உரிமைகளுக்கு முரணானது என நிறுவனம் வாதிட்டது.

லக்சம்பேர்க்கிலுள்ள சமூக நீதிமன்றம் 1970 இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. பொதுச் சட்டத்தை ஒவ்வொரு நாடும் தன்தன் யாப்பைக் கோலாகக் கொண்டு அளக்குமாயின், அது பொதுச் சட்டமாய் நிலைபெறாது என்பது அதன் கருத்து. இதில் நியாயம் உண்டு. கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள ஜேர்மனிய அரசியலமைப்பு நீதிமன்றத்தின் அச்சத்திலும் நியாயம் உண்டு. நாசிசக் கொடுங்கோன்மையின் அழிவிலிருந்து எழுந்து, 1949 இல் மனித மாண்பை முதல் உறுப்புரையாக வைத்து யாப்பு இயற்றிய நாடு, அக்காப்பினை எங்ஙனம் எளிதிற் கைவிடும்? சமூகச் சட்டத்தில் அடிப்படை உரிமைகளின் பட்டியல் இல்லாதவரை, அச்சட்டத்தை ஆராயும் அதிகாரம் தன்பால் உண்டென 1974 இல் அது தீர்ப்பளித்தது. நிறுவனம் தோற்றது, ‘வரை’ நிலைத்தது.

பின்னர் லக்சம்பேர்க் நீதிமன்றம் தன் தீர்ப்புகள் வாயிலாக உரிமைக் காப்பினை வளர்த்தது. அதனைக் கண்ட கார்ல்ஸ்ரூ, அக்காப்பு உள்ளவரை தன் அதிகாரத்தைச் செலுத்தாதிருக்கும் என 1986 இல் அறிவித்தது. ‘வரை’ மாறவில்லை, அதற்கு முன் நின்ற ‘இல்லாத’ என்னும் எச்சம் ‘உள்ள’ என மாறிற்று. 2000 இல் பிரகடனம் செய்யப்பெற்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் உரிமைப் பட்டயம் 2009 இல் சட்டவலுப் பெற்றது. பிணக்கும் சில வேளை நன்மை பயக்கும் என்பதற்கு இது சான்றன்றோ?

எனினும், மறுப்பெல்லாம் ஒரு தன்மையன அல்ல. 2021 ஒக்டோபரில் போலந்தின் அரசியலமைப்புத் தீர்ப்பாயம், ஒன்றிய உடன்படிக்கையின் சில ஏற்பாடுகள் தம் யாப்புக்கு முரணானவை என்றது. நீதிபதிகளின் சுதந்திரத்தை லக்சம்பேர்க் கண்காணித்ததே அங்கு பிணக்கின் வேர். அத்தீர்ப்பாயத்தின் அமர்வொன்றே முறைப்படி அமைந்ததன்று என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்திற் கண்டிருந்தது.

இரு நீதிமன்றங்களும் யாப்பின் பெயராலேயே பேசின. ஒன்று குடிமகனின் உரிமைக்கு அரண் கேட்டது. மற்றையது நீதிபதிகளுக்கு அரணாயிருந்ததை விலக்க முயன்றது. ஆகவே, எந்த நீதிமன்றம் உயர்ந்தது என்று வினவுமுன், அதன் மறுப்பினாற் காக்கப்படுபவர் யாவர் என்று வினவுதலே முறை.